முன்னால் போகும் பை

இருபத்தெட்டுதானே எழுதிக் கொடுத்திருக்கிறார்? உட்காருங்கள், அண்ணாச்சி. தாராளமாக உட்காருங்கள். அந்தப் பையை மட்டும் நீங்கள் தள்ள வேண்டாம், நானே எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். தரையில் வைக்கக் கூடாத பை அது.

டி.டி.ஆர் உங்களிடம் என்ன சொன்னார்? ஆள் வரவில்லை என்றா? என் கண் முன்னாலேயே அப்படித்தான் எழுதினார். "வரலைன்னு எழுதாதீங்க சார், இந்த வண்டியில வரலைன்னு எழுதுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இந்த இடம் என் மனைவியுடையது. எதிரும் புதிருமாக இரண்டு கீழ் பர்த் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மாதம் முன்னாலேயே போட்டு வைத்தேன். சரி, உங்களுக்குப் பயன்பட்டது. வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா? கடலை மிட்டாய் இருக்கிறது. கோவில்பட்டிக்காரன் கையில் வேறு என்ன இருக்கும்? எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராஜ்கோட் போகிறேன். நாளை மறுநாள் இறங்க வேண்டும். அங்கே ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். கோவில்பட்டியில் இருபத்தாறு வருஷம் ஸ்பின்னிங் மிஷினோடு மல்லுக்கட்டிய பிறகு, போன வருஷம் இந்த வேலை வந்தது. புது மில். புது மிஷின். குடியிருக்க மூன்றாம் மாடியில் வீடு, லிஃப்ட் உண்டு. இரண்டு படுக்கை அறை. குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். எங்கள் தெருவில் நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும், அதற்கும் குடத்தோடு வரிசை. சொல்லுங்கள், வேண்டாம் என்பானா ஒருவன்?

என் மனைவி செண்பகவல்லியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் அவளிடம் காகிதத்தைக் காட்டினேன். யாருக்கோ ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஊசி. "எவ்வளவு தூரம்?" என்றாள். "ரெண்டு நாள் வண்டி" என்றேன். "ம்" என்றாள். ஊசியை வாயிலிருந்து எடுக்கவில்லை. மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனி நாங்கள் இரண்டு பேர்தானே, எங்கே இருந்தால் என்ன என்று அவளும் நினைத்திருப்பாள்.

அவள் தையல்காரி. வீட்டின் முன் அறையில் மிஷின். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அளவு கொடுக்க ஐந்து நிமிஷம், பேச ஒரு மணி நேரம். நான் ஷிப்ட் முடிந்து வந்தால் உட்கார ஒரு நாற்காலி இருக்காது. சாமான் கட்டும்போது அந்த மிஷினை ஏற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். "இருபது வருஷம் மிதிச்சது போதும். அங்க நீ உக்காந்து சாப்பிடு" என்றேன். எத்தனை புருஷன்மார் அப்படிச் சொல்வார்கள்? மிஷினைப் பக்கத்து வீட்டு ஞானப்பூ அக்காவிடம் விட்டோம்.

அந்த ஞானப்பூ அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எல்லாம் அந்த அம்மாள் செய்த வேலை.

உங்கள் வீட்டில் நாள் பார்ப்பீர்களா? நான் பார்ப்பேன். நாங்கள் கிளம்ப வேண்டிய வண்டி செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். நாங்கள் போவதோ வடக்கே. திங்கட்கிழமை வண்டியில் இடம் இல்லை. ஒரு வாய் பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்று காலண்டரிலேயே போட்டிருக்கும். புது வேலை, புது வீடு. ஒரு வாய் பாலோடு விட எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு ஒரு முறை இருக்கிறது, அண்ணாச்சி. எங்கள் வீட்டில் பரஸ்தானம் என்பார்கள். நாள் நன்றாக இருக்கும் நேரத்தில், வீட்டுக்காரியின் துணி ஒரு ஜோடி, ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள், இதையெல்லாம் ஒரு பையில் வைத்து, அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை வாசலைத் தாண்டினால் குடும்பமே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்தக் கிழமையில் வண்டி ஏறினாலும் தோஷம் கிடையாது. போகும்போது பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, பச்சைச் சுங்குடிப் புடவை ஒன்றும் ரவிக்கையும் வைத்து இந்தப் பையைக் கட்டினாள். இதே பைதான். மேலே அவளுடைய கத்தரிக்கோலையும் வைத்தாள். "இரும்பு கூடாது" என்று நான் எடுத்துவிட்டேன். பிறகு அளவு நாடாவைச் சுருட்டி வைத்தாள். நாடா துணிதானே, சரி என்று விட்டுவிட்டேன்.

ஞானப்பூ அக்கா வேதக்காரர்கள். அவர்கள் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டேன். "எங்க ஏசுநாதர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரு படத்துக்குக் கீழயே வைக்கேன்" என்றார்கள். அப்போது எவ்வளவு நல்ல பேச்சு பாருங்கள்.

மறுநாள் ஆட்டோ வந்தது. நான் வீட்டைப் பூட்டி, வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, ஆட்டோவில் ஏறிவிட்டேன். "பையை எடுத்துட்டு வா" என்று அவளை அனுப்பினேன். போனாள், போனாள், பத்து நிமிஷம் ஆளையே காணோம். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பிறகு வந்தாள். மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் எதையுமே பார்க்கவில்லை.

வண்டி தெற்கே இறங்கிச் சுற்றித்தான் வடக்கே போகும். நாகர்கோவில் தாண்டியதும் பசித்தது. அவள் மடியில் இருந்த பையைத் திறந்தாள். இட்லி. ஞானப்பூ அக்கா கட்டிக் கொடுத்த இட்லி.

"நம்ம பை எங்க?"

"அங்கதான் இருக்கு."

"எங்க?"

"அக்கா வீட்டுல."

"மறந்துட்டியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "ம்" என்றாள். ஆனாலும் நான் திட்டவில்லை. மறதி மனிதனுக்கு வருவதுதான். ஆனால் ஞானப்பூ அக்காவுக்குக் கண் இல்லையா? படத்துக்குக் கீழே பை இருக்கிறது, பெண் அதை எடுக்காமல் போகிறாள், கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா? இட்லி கட்டத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

பை வராததன் பலனை அங்கே போய் அனுபவித்தோம். முதல் வாரமே ஸ்கூட்டர் சறுக்கி எனக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. சுடுதண்ணீர்ப் பெட்டி வெடித்து, குளியலறை முழுக்கத் தண்ணீர். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். "வியாதி ஒன்றும் இல்லை, யாரோடாவது பேசச் சொல்லுங்கள்" என்றார். இந்தியில் சொன்னார், நான்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். யாரோடு பேசுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பால் காய்ச்சியதைச் சொல்ல மறந்துவிட்டேன். போன மறுநாளே, அரை நாள் லீவு போட்டுக் காய்ச்சினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது, நல்ல சகுனம். ஆறு டம்ளரில் ஊற்றினாள். "ஆறு எதுக்கு? நாம ரெண்டு பேர்தானே" என்றேன். "அக்கம்பக்கத்துக்குக் குடுக்க வேண்டாமா?" என்று தட்டில் நாலு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வீடு பூட்டியிருந்தது. ஒரு வீட்டில் மணி அடித்தும் திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு அம்மாள் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, இவள் பால் விற்க வந்தவள் என்று நினைத்து, வேண்டாம், எங்களுக்குப் பால்காரர் வருகிறார் என்று கையை ஆட்டினாளாம்! நாலு டம்ளரும் அப்படியே திரும்பி வந்தது. எனக்கு அன்றைக்கெல்லாம் சிரிப்பு. மில்லில் போய்ச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள். வீணாக்காதே, தயிருக்கு உறை ஊற்றலாமே என்று சொன்னேன். கேட்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. மில்லுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வீட்டுக்கு வந்தால் அப்படி ஒரு அமைதி. உங்களிடம் பொய் சொல்வானேன், அண்ணாச்சி, எனக்கு அது பிடித்திருந்தது. எனக்கென்று ஒரு நாற்காலி. அதில் வேறு யாரும் இல்லை.

அவளுக்குப் பொழுதும் போயிற்று. மிஷின் இல்லாவிட்டால் என்ன, கைத் தையல் தெரியுமே. என் சட்டைகளை எடுத்து, தையலைப் பிரித்து, மறுபடி தைப்பாள். கிழியாத சட்டை, நேற்று வாங்கிய சட்டை. தோள்பட்டையைப் பிரித்துத் தைப்பாள், கையைப் பிரித்துத் தைப்பாள். "நல்ல சட்டையை ஏன் பிரிக்கே?" என்று கேட்டேன். "கம்பெனித் தையல் நிக்காதுங்க" என்றாள். ஒரே சட்டையை நாலு தடவை பிரித்துத் தைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இதோ, இந்தத் தோளைத் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு நெருக்கமான தையல்! மிஷின்கூட இப்படிப் போடாது. இப்படிக் கவனிக்கிற மனைவி யாருக்குக் கிடைப்பாள்?

பையை அனுப்பச் சொல்லி ஞானப்பூ அக்காவுக்கு நான் எத்தனை தடவை போன் போட்டிருப்பேன் தெரியுமா? "பார்சல்ல போட்டு விடுங்க அக்கா."

"யாரு பையோ அவங்க வந்து எடுத்துக்கிடட்டும், தம்பி."

"அவ எப்படி வருவா, ரெண்டு நாள் வண்டி?"

"அப்பம் பை எப்படி வரும்?"

பார்த்தீர்களா பேச்சை? ஒரு தடவை கோபத்தில் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு அவ மறந்தப்ப நீங்க ஏன் கூப்பிட்டுச் சொல்லல?" என்று. அதற்கு அந்த அம்மாள் சொன்னது என்ன தெரியுமா? "யாரு மறந்தா? பைக்குப் பக்கத்துல பத்து நிமிசம் உக்காந்திருந்தா. எடுத்தா, வச்சா. எடுத்தா, வச்சா. இது இங்க இருக்கட்டும் அக்கா, அப்பத்தான் நான் இன்னும் கிளம்பலன்னு இருக்கும்னு சொல்லிட்டுப் போனா." தன் மேல் தப்பு வரக் கூடாதென்றால் மனிதர்கள் என்னவெல்லாம் சொல்வார்கள் பாருங்கள். நான் செண்பகவல்லியிடம் இதைக் கேட்கவே இல்லை. கேட்டால் அவள் மனசு கஷ்டப்படும். அக்கா அக்கா என்று உயிரை விடுகிறவள்.

பதினாலு மாதம் கழித்து, ஒரு நாள் அவளே சொன்னாள். "நான் போயி பையை எடுத்துட்டு வாரேன்" என்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அன்றைக்கே போக டிக்கெட்டும், பத்து நாளில் திரும்ப டிக்கெட்டும் போட்டேன். ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிடும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு. பை விஷயம் அவளையும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பத்தாம் நாள் போன் போட்டேன். "இன்னைக்குக் கரிநாளுங்க" என்றாள். காலண்டரைப் பார்த்தேன், உண்மைதான். மறு வாரம் கேட்டேன். "வடக்க சூலம்." அதுவும் உண்மை. பிறகு ஆடி வந்துவிட்டது. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? ஆவணியில் கேட்டால் கீழ்நோக்கு நாள் என்றாள். என்னிடம் கேட்டுக் கேட்டு அவளும் நன்றாக நாள் பார்க்கக் கற்றுக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் ஐந்து மாதம் ஆகிவிட்டது, அண்ணாச்சி. ஐந்து மாதத்தில் பதினாறு நல்ல நாள் போயிருக்கிறது. நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அதனால்தான் நானே வந்தேன். போன வியாழக்கிழமை வந்து இறங்கினேன். ஞானப்பூ அக்கா வீட்டு முன் அறையில் மிஷின் ஓடுகிற சத்தம் தெருமுனைக்கே கேட்டது. வாசலில் 'செண்பகா டெய்லர்' என்று ஒரு போர்டு. ஊருக்கு வந்த இடத்தில் போர்டு எதற்கு? பொழுது போக வேண்டாமா, அதற்காக வைத்திருப்பாள். உள்ளே நாலு பெண்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அவளும் பேசுகிறாள். பேசிக்கொண்டே சிரிக்கிறாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, "ஆம்பளத் துணி இங்க தைக்கிறதில்ல அண்ணாச்சி, கடைத்தெருவுக்குப் போங்க" என்றாள்.

அப்போதுதான் செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். மிஷின் நின்றது. "வாங்க" என்றாள். "இளைச்சுப் போயிட்டீக."

கழற்றிய செருப்பையே மறுபடி மாட்டிக்கொண்டேன். பயணக் களைப்பு.

நாலு நாள் இருந்தேன். சாத்தூர் போய் மகள் வீட்டில்தான் படுக்கை. காலையில் வந்தால் சாயங்காலம் வரை அக்கா வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு வேலை ஓயவில்லை. வெள்ளிக்கிழமை என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். நாடாவை எடுத்து, தோள், மார்பு, கை எல்லாம் அளந்தாள். ஆம்பளைத் துணி தைப்பதில்லை என்றாளே அந்தப் பெண், எனக்குத் தைப்பாள் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அளவுகளை ஒரு நோட்டில் எழுதினாள். எல்லோர் அளவும் எழுதுகிற நோட்டு. மேலே 'தளவாய்' என்று என் பெயரை எழுதினாள். அவள் என் பெயரை எழுதி நான் பார்த்ததே இல்லை.

நேற்று சொன்னேன். "நாளைக்குத் திங்கட்கிழமை. சூலம் கிழக்க. மேல்நோக்கு நாள். ஒரு குறையும் இல்ல. டிக்கெட் ரெண்டும் கையில இருக்கு. கிளம்பு."

துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். ஞானப்பூ அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

"நீங்க கிளம்புங்க. பையைக் குடுத்து விடுதேன்."

"பை முன்னால போனா ஆள் பின்னால வரணும். அதுதான் முறை."

"முறை எனக்கும் தெரியுமுங்க."

"அப்பம் எப்ப வருவே?"

கத்தரிக்கோலை எடுத்து, ஒரு நூலை வெட்டி, கீழே வைத்தாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவ்வளவு பெண்கள் காத்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கேட்பது?

ஆனால் இன்று காலை, நல்ல நேரம் பார்த்து, அவளே வாசலுக்கு வந்து இந்தப் பையை என் கையில் கொடுத்தாள். அவள் கையால் கொடுத்தாள், அண்ணாச்சி. "தரையில வைக்காதீங்க" என்றும் சொன்னாள். பை வாசல் தாண்டிவிட்டது. அது போதும் எனக்கு. இனி அவள் எந்தக் கிழமையில் வண்டி ஏறினாலும் தோஷம் இல்லை.

என்ன கேட்டீர்கள்? திறந்து பார்த்தேனா என்றா? போய்ச் சேரும்வரை திறக்கக் கூடாது. ஆமாம், கனம் குறைவாகத்தான் இருக்கிறது. ஒரு புடவைதானே, என்ன கனம் இருக்கப் போகிறது?

நீங்கள் சொல்வதும் சரிதான். ஜிப் கொஞ்சம் திறந்துதான் இருக்கிறது. அதுவாகவே திறந்துகொண்டது. அப்படியானால் குற்றமில்லை.

சட்டை. பார்த்தீர்களா, எனக்கு இரண்டு சட்டை! நான் சொன்னேனே. மூன்று நாளில் தைத்திருக்கிறாள். இது என் பிரஷர் மாத்திரை, மூன்று மாதத்துக்கு இருக்கும். நம் ஊரில் வாங்கினால் நல்ல மாத்திரை என்று நினைத்திருப்பாள். இது என் ஸ்வெட்டர். போகும்போது அவள் போட்டுக்கொண்டு போனது. பித்தான் விழுந்திருந்தது, வைத்திருக்கிறாள்.

புடவை அடியில் இருக்கும்.

இல்லை. எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அங்கே கட்டிக்கொள்ள ஒன்று வேண்டாமா? அரிசி முடிச்சும் இல்லை. நாடாவும் இல்லை. நாடா அவளுக்கு அங்கே வேலைக்கு வேண்டும், சரிதான்.

இது என்ன காகிதத்தில் சுற்றி... ஓ. நோட்டுக் காகிதம். என் அளவுகள். நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்திருக்கிறாள். வேறு எங்காவது தைத்துக்கொண்டால் உதவும் என்று.

உள்ளே சாவி. ராஜ்கோட் வீட்டுச் சாவி, அண்ணாச்சி. அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அவளுடையது.

பாருங்கள், மறதியை. சாவியைப் பையில் போட்டுவிட்டாளே! நான் ஷிப்டில் இருக்கும்போது வந்து நின்றால் எப்படித் திறப்பாள்? பெட்டியோடு படியில் உட்கார்ந்திருப்பாளா? இல்லை, இல்லை. போனதும் இதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட வேண்டும். அதுதான் நல்லது. அவள் வந்தால் கொடுங்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தெரியாது.